ஓடின வருசங்களுக்கு ஒரு கடிதம்



இதழ் அச்சுக்குப் போகிற கடைசி இரவில்தான் இந்தப் பக்கத்தை எழுதுவது என் பழக்கம். அச்சகத்துத் தம்பி போன் எடுத்து, "ஐயா, உங்கட பக்கம் மட்டும்தான் இன்னும் வரேல்ல" என்று சொன்ன பிறகுதான் பேனை ஓடும். இந்த முறை அப்படியில்லை. ஒரு கிழமைக்கு முன்னரே எழுதிவிட்டேன். இரண்டு மாதமாக இதே அலைச்சல், இதே நினைப்பு. அதை உங்களிடம் இறக்கி வைத்தால்தான் மற்ற வேலை நடக்கும்.

விசயம் இதுதான். என் தம்பியின் மகன், அதாவது என் பெறாமகன், இந்த வருடம் சித்திரை கழிந்து ரொறன்ரோவுக்குப் போனான். சாவகச்சேரியில் வான் ஓட்டியவன். கலியாண வீட்டு ஓட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டம், கட்டுநாயக்காவுக்கு இரவோடிரவாக ஆட்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு விடியத் திரும்பி வருகிற ஓட்டம். 2009இல் லைசென்ஸ் எடுத்ததிலிருந்து அவன் கை ஸ்டியரிங்கை விட்டதில்லை. ஆவணி மாதம் ஒரு நாள் பின்னிரவு வட்ஸ்அப்பில் அவனுடைய குரல் வந்தது.

"பெரியப்பா, நித்திரையோ? இஞ்ச கவுண்டரில நான் எத்தினை வருசம் ஓடினனான் எண்டு கேட்டவை. பதினாறு எண்டன். அது நீங்கள் சொல்லுறது, உங்கட நாட்டுக் கடிதம் எங்க எண்டு கேக்கினம். கடிதம் இல்லாட்டி ஒரு வருசம் எண்டுதான் போடுவினமாம்."

பதினாறு வருடம் ஒரு வருடமாகச் சுருங்கியது எப்படி என்று எனக்கு அந்த நேரத்தில் விளங்கவில்லை. விடிந்து விசாரித்துப் பார்த்தபோது பிள்ளை சொன்னது சரிதான்.

ஒன்ராறியோ மாகாணத்தில் 1994 முதல் லைசென்ஸைப் படிப்படியாகத்தான் கொடுக்கிறார்கள். ஜீ 1, ஜீ 2, ஜீ என்று மூன்று படிகள். புதிதாகக் குடியேறி வருகிறவர் தன் நாட்டு லைசென்ஸை வைத்து 60 நாள் ஓடலாம். அதற்குப் பிறகு அந்த மாகாணத்து லைசென்ஸ் வேண்டும். இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் போன்ற சில நாடுகளுடன் ஒன்ராறியோவுக்கு மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம்முடைய ஆட்கள் கண் பரிசோதனையும் எழுத்துப் பரீட்சையும் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய அனுபவத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒருவர் தானாக அறிவிக்கிற அனுபவத்தில் 12 மாதம் வரைக்கும் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் லைசென்ஸ் கொடுத்த திணைக்களமோ, தூதரகமோ, கொன்சியூலர் கந்தோரோ எழுதித் தந்த கடிதம் வேண்டும். 24 மாதத்துக்கு மேல் என்று அந்தக் கடிதம் சொன்னால் நேரே ஜீ பரீட்சைக்கே போகலாம். அதில் ஒரு தடவை தவறினால், பிறகு ஜீ 2 எடுத்துத்தான் மேலே ஏற வேண்டும்.

அப்படியென்றால் அந்தக் கவுண்டரில் இருந்த பிள்ளை கேட்டது "உனக்கு ஓடத் தெரியுமா" என்பதை அல்ல. தெரியுமோ தெரியாதோ என்பதை வீதியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். "எப்போதிருந்து" என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சட்டைப்பையில் கிடக்கிற அட்டையில் இல்லை, கொழும்பில் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிற எங்கள் பிள்ளைகள் பதிவேட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வேலை என் தலையில் விழுந்தது. தம்பிக்கு முழங்கால் வருத்தம், கொழும்புக்கு பஸ் ஏற முடியாது. "நீ பத்திரிகைக்காரன், உனக்கு எல்லாக் கந்தோரும் தெரியும்" என்றான். இந்த வசனத்தை நம்பி நான் பட்ட பாடுகளைத் தனி இதழாகவே போடலாம்.

பெறாமகன் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம், கடவுச்சீட்டின் பிரதி, லைசென்ஸின் முன்பக்கமும் பின்பக்கமும், என் அடையாள அட்டை. எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு, இரண்டு செற் பிரதி எடுப்பதற்காகச் சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குக் கிட்டவுள்ள ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். அன்றிரவு பஸ்ஸுக்கு சீற் போட்டாயிற்று. கடையில் நின்ற பொடியனுக்கு இருபது வயதிருக்கும். ஒரு காதில் ஹெட்போன். தாள்களை இயந்திரத்தில் வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னான்:

"ஐயா, ரெண்டிலயும் பேர் வேற மாதிரிக் கிடக்கு."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கடவுச்சீட்டில் தகப்பனுடைய பெயர் முழுமையாக இருந்தது. லைசென்ஸில் தலையெழுத்து மட்டும். அது பரவாயில்லை, ஊரில் பாதிப் பேருடைய பத்திரங்கள் அப்படித்தான் கிடக்கின்றன. ஆனால் அவனுடைய சொந்தப் பெயரில் ஒரு 'த' வருகிறது. கடவுச்சீட்டில் அந்தத் 'த'வை ஆங்கிலத்தில் 'டி'யும் 'எச்'சும் போட்டு எழுதியிருந்தார்கள். லைசென்ஸில் 'டி' மட்டும். 'எச்' இல்லை.

முப்பது வருடமாக மற்றவர்களின் எழுத்துப்பிழை பார்த்துச் சாப்பிடுகிறவன் நான். ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் கண்ணில் குத்தும். இந்த ஒரு 'எச்' ஒரு மாதமாக என் மேசையில் கிடந்தும் தெரியவில்லை. காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்ற பொடியனுக்குத் தெரிந்தது. "ஒரு நாளைக்கு எத்தினை ஃபைல் பாக்கிறன் ஐயா. முக்கால்வாசி இப்பிடித்தான். பிறகு வந்து திருப்பி எடுக்கச் சொல்லிக் கேப்பினம்" என்றான். பிரதிக்கு மட்டும்தான் காசு வாங்கினான்.

பிழை யாருடையது என்று தேடினால் எங்கள் வீட்டுக்குள்தான் வந்து நிற்கும். 2009இல் விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது தம்பி. அவன் தன் மகனுடைய பெயரை எப்போதும் 'எச்' இல்லாமல்தான் எழுதுவான். கடவுச்சீட்டுக்கு நிரப்பியது மகன். அவன் கணினிப் பிள்ளை, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பார்த்து 'எச்' போட்டான். தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒரே பெயர். ஒரு புள்ளி கூட மாறாது. நம் பெயர்கள் எல்லாம் இன்னொரு எழுத்துக்குள் போய்த் திரும்பும்போது இப்படித்தான் கைகால் இழந்து வருகின்றன. 'ழ'வுக்கு எந்த எழுத்து என்று மூன்று பத்திரத்தில் மூன்று விதமாகப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அண்ணன் தம்பி இருவர் ஒரே தகப்பன் பெயரை வேறு வேறு விதமாக எழுதி, வெளிநாட்டில் வேறு வேறு குடும்பமாகிப் போன கதையும் ஊரில் உண்டு.

பஸ்ஸுக்குப் போட்ட சீற்றைக் கைவிட்டேன். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அது அவனே முடிக்க வேண்டிய கடதாசி, அவனோ ரொறன்ரோவில். அங்கே முடித்து, தபாலில் வந்து, என் கைக்குக் கிடைக்க மூன்று கிழமை போயிற்று. போகும் முன்னர் இங்கே செய்திருந்தால் அரை நாள் வேலை. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் போய் முடித்துவிட்டு, சந்தைக்குள் ஒரு பிளேன்ரீயும் குடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

காத்திருந்த அந்த மூன்று கிழமையில்தான் நான் இந்த விசயத்தைப் படித்தேன். படித்ததில் சிலதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அற்றெஸ்ற் பண்ணுவது என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் என்ன நடக்கிறது என்று யோசிப்பதில்லை. நம்மிடையே உள்ள நம்பிக்கை, கடதாசியில் எத்தனை சீல் விழுகிறதோ அத்தனை பலம் என்பது. சமாதான நீதவானிடம் ஒரு சீல், கிராம சேவையாளரிடம் ஒரு சீல், பாடசாலை அதிபரிடம் ஒன்று. இவர்கள் கையெழுத்து சாவகச்சேரியில் செல்லும், கொடிகாமத்தில் செல்லும், கிளிநொச்சியில் கூடச் செல்லும். ரொறன்ரோவில் உள்ளவருக்கு நம்முடைய சமாதான நீதவானை எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியாத ஒருவரின் கையொப்பம் அவருக்கு வெறும் கிறுக்கல்.

அதனால்தான் சங்கிலி. லைசென்ஸ் கொடுத்த மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் முதலில் "ஓம், இது எங்கள் பதிவில் உள்ளது" என்று எழுதித் தருகிறது. அந்தக் கடிதத்தில் கையொப்பமிட்ட அதிகாரியின் கையொப்பம் மெய்யானது என்று வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு சொல்கிறது. கேட்கிற நாடு அதுவும் போதாது என்றால், அமைச்சின் முத்திரை மெய்யானது என்று அந்த நாட்டுத் தூதரகம் சொல்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் உள்ளவரைத்தான் தெரியும் என்கிறார். உங்களை யாரும் தெரியும் என்று சொல்வதில்லை. அமைச்சு முத்திரை குத்துவது உங்களுடைய வாகன ஓட்டத்துக்கு அல்ல, ஒரு கையொப்பத்துக்கு. இது விளங்கிவிட்டால், முதற் கண்ணி இல்லாமல் இரண்டாவது கந்தோருக்குப் போய் நிற்கிற வீண் பயணத்தைத் தவிர்க்கலாம். இன்னொன்று, எல்லா நாடும் எல்லாக் கண்ணியையும் கேட்பதில்லை. ஒன்ராறியோ, நம் திணைக்களத்தின் கடிதத்தையே ஏற்கிறது. வளைகுடா நாட்டுக்குச் சாரதி வேலைக்குப் போகிறவரிடம் கேட்கிற பத்திரங்கள் வேறு, சில வேளை அரபு மொழிபெயர்ப்பும் சேரும். கேட்கிற இடம் எதைக் கேட்கிறது என்று முதலில் எழுத்தில் வாங்கிவிட்டு அலையத் தொடங்குவதுதான் புத்தி.

சென்னையில் உள்ள உறவினர்கள் போனில் "அப்போஸ்டில் ஒண்ணு போட்டா போதுமே" என்பார்கள். 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் வந்த ஒற்றை முத்திரை முறை அது. சங்கிலி முழுவதற்கும் பதிலாக ஒரே ஒரு சான்று. இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. கனடாவே 2024 ஜனவரி 11இல்தான் அதற்குள் வந்தது. கொடுக்கிற நாடும் வாங்குகிற நாடும் இரண்டுமே அதில் இருந்தால்தான் அந்த முத்திரைக்கு மதிப்பு. சென்னையில் நடப்பதை வைத்துச் சாவகச்சேரியில் கணக்குப் போடாதீர்கள், கொன்சியூலர் கந்தோரில் கேளுங்கள்.

அந்தக் கந்தோர் இப்போது தூரமில்லை. முன்னர் எதற்கும் கொழும்பு என்றிருந்தது. வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்திலேயே இயங்குகிறது. 2025 செப்டெம்பரில் கடவுச்சீட்டு அலுவலகமும் அதே இடத்துக்கு வந்துவிட்டது. வயதானவர்களுக்கு அந்தச் செயலகம் இப்போதும் கச்சேரிதான். எங்கள் ஊருக்குப் பெயரிலேயே கச்சேரி இருக்கிறது, ஆனால் கச்சேரி அலுவலுக்கு நாங்கள் யாழ்ப்பாணம்தான் போக வேண்டும் என்று என் தகப்பனார் பகிடி விடுவார். சாவகச்சேரியில் உள்ள சேரி வேறு. சாவகத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் குடியிருந்த சேரி என்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சந்திரபானு என்கிற சாவக அரசன் இலங்கைமேல் படையெடுத்து வந்தது வரலாறு. அவனோடு வந்தவர்களிடம் எந்தக் கந்தோரும் பத்திரம் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்திரம் கேட்காத காலத்தை நாங்களும் கண்டிருக்கிறோம். 1990க்குப் பிந்தைய பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. மொறிஸ் மைனரும் சோமசெட்டும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் எடுத்து, இஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் போன பிறகும் ஒழுங்கைக்குள் வெள்ளைப் புகை நிற்கும், குசினிக்குள் அடுப்பு மூட்டின மணம் வரும். அப்படி ஓடின ஒரு அண்ணை எங்கள் வீதியில் இருந்தார். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, லைற் இல்லாமல் நிலவு வெளிச்சத்தில் ஓடினது, இதற்கெல்லாம் எந்தப் பரீட்சையில் எத்தனை புள்ளி போடலாம்? பிறகு அவர் சுவிஸுக்குப் போய், அங்கே கோப்பை கழுவித்தான் சீவித்தார். கார் ஓடவே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பழைய லைசென்ஸ் எங்க எண்டு கேட்டவங்கள். அது வீட்டோட போட்டுது" என்றார்.

வீட்டோடு போனது என்பதை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமம் முழுவதும் போரால் ஒரே இரவில் எழும்பி, நாவற்குழிப் பாலம் கடந்து எங்கள் தென்மராட்சிக்குள் வந்தது. அந்த மழை இரவில் நான் கண்ட ஆட்களின் கைகளில் பெரும்பாலும் மூன்று சாமான்தான் இருந்தது. பிள்ளை, சமையல் பானை, பொலித்தீன் பையில் சுற்றின பத்திரங்கள். 2000ஆம் ஆண்டு எங்கள் முறை வந்தது. தென்மராட்சி எழும்பியது. திரும்பி வந்து பார்த்தபோது சாவகச்சேரி நகரம் கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினவர்களின் பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. பானையை எடுத்துக்கொண்டு ஓடினவர்கள் சோறு சமைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். எது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரம் என்றால் எங்கள் சனம் ஏன் இத்தனை பயப்படுகிறது, ஏன் ஒன்றுக்கு நாலு பிரதி எடுத்து நாலு வீட்டில் வைக்கிறது என்று யாரும் சிரிக்கத் தேவையில்லை.

சுவிஸ் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வாசகர்களில் கணிசமானவர்கள் அங்கே. நம்முடைய லைசென்ஸோடு அங்கே குடியேறுகிறவர் 12 மாதத்துக்குள் அதை மாற்றிவிட வேண்டும். மாற்றுவதற்கு நிபுணர் ஒருவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு சோதனை ஓட்டம் ஓட வேண்டும். அந்த ஓட்டம் ஒரே ஒரு முறைதான். தவறினால் திரும்ப இல்லை. அந்தக் கணத்தோடு உங்கள் பழைய லைசென்ஸ் அங்கே செல்லாக் காசு, பழகுநராகத் தொடங்க வேண்டும். இங்கே இடப்பக்கம் ஓடிப் பழகின கை அங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். ஆகவே "எனக்குத் தெரியாத ஓட்டமா" என்று முதல் கிழமையே போய் நிற்காமல், அங்கே ஒரு பயிற்றுநரிடம் நாலைந்து மணித்தியாலம் ஓடிவிட்டுப் போங்கள். காசு போகும். லைசென்ஸ் மிஞ்சும். இங்கிலாந்தில் 12 மாதம் ஓடலாம், பிறகு எழுத்தும் ஓட்டமும் புதிதாக. ஜெர்மனியில் அந்தக் கெடு ஆறு மாதம்.

சர்வதேச லைசென்ஸ் பற்றி ஒரு வாசகி வரணியிலிருந்து கேட்டிருந்தார். மகன் அதை எடுத்துக்கொண்டு போனால் பரீட்சை எதுவும் தேவையில்லையாம், உண்மையா என்று. இல்லை, அம்மா. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருகிற சாம்பல் நிற அட்டைப் புத்தகம் அது. இங்கே ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒவ் சிலோன் கொடுக்கிறது. அதில் இருப்பது உங்கள் மகனுடைய லைசென்ஸின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். மூல லைசென்ஸ் கூட இல்லாவிட்டால் அது வெறும் புத்தகம். செல்லுபடிக் காலம் ஒரு வருடம். உல்லாசப் பயணம் போகிறவருக்கு உதவும், குடியேறுகிறவருக்கு அந்த நாட்டு லைசென்ஸுக்கு ஈடாகாது. 1968 வியன்னா உடன்படிக்கையின் கீழ் கொடுப்பதும் கூடினது மூன்று வருடம்தான். ஆகவே இணையத்தில் பத்து வருடத்துக்குச் செல்லும் சர்வதேச லைசென்ஸ் என்று யாராவது விற்றால், அந்தப் பத்து என்கிற எண்ணே அது போலி என்பதற்குப் போதுமான சாட்சி.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் ஒரு சொல். நல்லூர்த் திருவிழாவுக்கும், பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கவும் வருகிற எங்கள் பிள்ளைகள், வந்த கையோடு மச்சானின் வானை எடுத்துக்கொண்டு கண்டி வீதியில் இறங்கிவிடுகிறார்கள். வெளிநாட்டு லைசென்ஸ் சட்டைப்பையில் இருந்தால் போதும் என்று நினைப்பு. போதாது. 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டு லைசென்ஸ்காரருக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கவுண்டர் திறந்திருக்கிறார்கள். இறங்கின களைப்பில் அம்மாவைக் கட்டிப்பிடிக்க ஓடி வராமல், அதை வாங்கிக்கொண்டு வாருங்கள். விபத்து ஒன்று என்று வந்தால் காப்புறுதிக்காரன் முதலில் பார்ப்பது அந்தக் கடதாசியைத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சத்தியக் கடதாசி வந்து சேர்ந்தது. இந்த முறை போட்டோக்கொப்பிக் கடைப் பொடியனிடம் எல்லாவற்றையும் விரித்துக் காட்டி, "தம்பி, இனி ஏதும் பிழை கிடக்கோ பார்" என்று கேட்ட பிறகுதான் சீற் போட்டேன். பார்த்துவிட்டு, "இப்ப ஓகே ஐயா" என்றான். இரவு பஸ். விடியக் கொழும்பு. அங்கிருந்து வெரஹெர. லைசென்ஸ் அலுவல்களுக்கான திணைக்களக் கிளை அங்கேதான். எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குரல்கள் வரிசையில் கேட்டுக்கொண்டே இருந்தன. எனக்கு முன்னால் நின்ற ஹற்றன் பொடியன் கட்டாருக்குப் போகிறவன். அவனுக்கு வேறு கவலை. 2022 நெருக்கடியில் அட்டை அச்சடிக்கத் தட்டுப்பாடு வந்தபோது தற்காலிகமாகக் கடதாசியில் லைசென்ஸ் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அப்போது கிடைத்த கடதாசியை அட்டையாக மாற்றாமல் இத்தனை நாளும் விட்டுவிட்டானாம். "இங்க பொலிஸ் ஒண்ணும் சொல்லலண்ணே, அங்க ஏஜென்சி பாத்துட்டு சிரிக்கிறான்" என்றான்.

வரிசையில் நிற்கும்போது பொழுதுபோகாமல் பெறாமகனின் லைசென்ஸ் பிரதியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாகன வகைகள் வரிசையாக அச்சடித்திருக்கிறது. ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி1 என்றால் ஓட்டோ, பி என்றால் கார், வான். கீழே வந்தால் ஜீ 1. எங்கள் நாட்டில் ஜீ 1 என்றால் என்ன தெரியுமா? லாண்ட்மாஸ்டர். இரண்டு சில்லு உழவு இயந்திரம். தென்மராட்சியில் வயலுக்கும், வைக்கோல் ஏற்றவும், சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுபோகவும் ஓடுகிறதே, அது. அதன் நீண்ட கைபிடியைப் பிடித்துக்கொண்டு பனங்கூடலுக்குள்ளால் திரும்புவது சாதாரண வேலையில்லை. அதே ஜீ 1 ரொறன்ரோவில் ஒன்றுமே தெரியாத பழகுநருக்குக் கொடுக்கிற முதல் படி. இங்கே பேரனுக்கு உழவு பழக்கிய தாத்தாவிடமும் ஜீ 1, அங்கே பக்கத்தில் இன்னொருவரை இருத்திக்கொண்டு நடுங்கி நடுங்கி ஓடுகிற பேரனிடமும் ஜீ 1. வரிசையில் தனியாகச் சிரித்தேன். ஹற்றன் பொடியன் என்ன என்று கேட்டான், சொன்னேன், அவனும் சிரித்தான்.

கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம்தான். பெயர், லைசென்ஸ் இலக்கம், வாகன வகைகள், எந்தத் திகதியிலிருந்து என்கிற விவரம், கையொப்பம், சீல். பதினாறு வருடத்தை ஒரு தாளில் கண்டதும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இதற்குத்தானா இரண்டு மாதம்? ஆனால் அந்தத் தாளைப் பைலுக்குள் வைத்து, பைலைப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வவுனியா வரைக்கும் நித்திரை கொள்ளாமல் வந்தேன். பழக்கம்.

இப்போது வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகிற பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தாய் தகப்பனுக்கும் நான் கேட்பது ஒன்றுதான். விசா கிடைத்த சந்தோசத்தில் பலகாரம் சுடுகிற கிழமையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். கடவுச்சீட்டையும் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். திணைக்களத்தின் கடிதத்தைக் கையோடு வாங்குங்கள். ஏற்கெனவே போய்விட்டவர்கள் அங்கேயுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள், ரொறன்ரோவில் ஒன்று இருக்கிறது. இல்லாவிட்டால் என்னைப்போல ஒரு பெரியப்பாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரத்தில் இப்படியொரு எழுத்துத் தொலைந்த கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழ்களில் போடுகிறேன்.

கடிதத்தைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரதியெடுத்து மூலத்தைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும். தம்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முற்றத்து வெளிச்சத்தில் வைத்து வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான். பிறகு திகதியில் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"2009இல இருந்து எண்டுதானே கிடக்கு. அதுக்கு முதல் ரெண்டு வருசம் லாண்ட்மாஸ்டர் ஓடினவன். அது வராதோ அண்ணை?"

அன்புடன்,
ஆசிரியர்